சொரிமுத்துவின் குரலுக்கு நான் கொடுத்த வார்த்தை

ராக்கஸ் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறது. காதைக் கிழிக்கிற மாதிரி கரகரவென்று உரக்கக் கேட்கிற சத்தத்துக்கு முன்னால் போடுகிற சொல். உரக்க இருந்தால் மட்டும் போதாது; இடி உரக்கத்தான் இடிக்கிறது, அதற்கு இதைப் போடக் கூடாது. கரகரப்பு மட்டும் இருந்தாலும் போதாது. ஜலதோஷம் பிடித்தவன் கரகரவென்றுதான் பேசுகிறான், அதற்கு வேறு சொல் உண்டு. இரண்டும் சேர வேண்டும். காக்கைக் கூட்டத்துக்குப் போடலாம், கள்ளுஷாப்புச் சிரிப்புக்குப் போடலாம். நம்முடைய கர்ணகடூரம் கிட்டத்தட்ட அதன் பக்கத்தில் போய் நிற்கும். மனுஷக் குரலுக்கும் போடலாம். ஆனால் அந்த மனுஷன் பக்கத்தில் இல்லாதபோது போடுவதுதான் மரியாதை.

இவ்வளவு விவரம் தெரிந்த நான் 1971-ல் அதை ஒரு மனுஷர் மேல் போட்டேன். அவர் ஆறடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதுதான் என் வீரத்துக்கெல்லாம் அஸ்திவாரம்.

என் பெயர் சேஷன். கரமனை அக்கிரகாரத்தில் வீடு. திருவனந்தபுரத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். தன் வெட்கக்கேட்டைச் சொல்ல வந்தவன் விலாசமும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்ன? கேஸ் கட்டுகளை வரிசைப்படி முன்சீப்பிடம் நீட்டுவதும், நடந்ததைக் குறித்து வைப்பதும் என் வேலை. இங்கிலீஷ் என் பைத்தியம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி அகராதி இருக்கும். காலையில் பஸ் ஏறும்போது ஒரு வார்த்தையைப் பிடித்தேனென்றால், கிழக்கேகோட்டையில் இறங்குவதற்குள் அதை மூன்று வாக்கியத்தில் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். என் மேதாவிலாசத்துக்குப் பயந்துதான் நகர்கிறார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர் சொரிமுத்து. தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, வாயில் வெற்றிலை. பூர்வீகம் பாபநாசம் பக்கம். பிறந்தது மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில். விடிந்தும் விடியாமல் லயத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவது அவருடைய அப்பாவின் உத்தியோகம். மூன்று மேடு தாண்டிக் கேட்க வேண்டுமாம். சொத்து என்று அவர் மகனுக்கு விட்டுப்போனது அந்தத் தொண்டை ஒன்றுதான்.

பதினேழு வயதில் மலையிறங்கி, கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் சேர்ந்தார். யார் என்ன பலகாரம் கேட்டார்கள் என்பதை ஹாலிலிருந்து அடுக்களைக்குக் கத்திச் சொல்வது வேலை. அவர் கத்துவதைக் கேட்டே ரோட்டில் போகிறவர்கள் இன்றைக்கு ரசவடை உண்டு என்று தெரிந்துகொண்டு உள்ளே வருவார்களாம். அங்கே சாப்பிட வந்த ஒரு பழைய முன்சீப், இந்தத் தொண்டை ஓட்டலில் கிடந்து வீணாகிறதே என்று கோர்ட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் கூப்பிட்டாயிற்று.

கோர்ட்டில் கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஆள் வராமல், வக்கீலும் இல்லாமல் போனால், வழக்கு தள்ளுபடி. சொரிமுத்து இந்த மூன்றையும் மூன்று திசைக்குப் பங்கு வைத்திருந்தார். வாசல் நடையில் நின்று, வராந்தாவைப் பார்த்து ஒன்று. கேட்டுக்கு வெளியே சாயாக்கடையைப் பார்த்து ஒன்று. பக்கவாட்டில் திரும்பி, முற்றத்துப் பலாமரத்தடியைப் பார்த்து ஒன்று. மலையிலிருந்து வருகிற ஏழைபாழைகள் அந்த மரத்தடியில்தான் உட்காருவார்கள். ஒவ்வொரு விளிக்கும் நடுவே, ஒரு ஆள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிற அளவுக்கு நிறுத்துவார். மலையாளத்துக்காரருக்கு மலையாளத்தில், தமிழருக்குத் தமிழில், ஊர்ப் பெயரையும் சேர்த்து. கடைசியில், ஆள் வந்திருக்கிறாரா என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு “ஹாஜருண்டோ!”

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்றால், ஆட்டுக்கல்லைத் தரையில் தரதரவென்று இழுத்துப்போகிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கோர்ட்டில் வாதம் செய்துகொண்டிருக்கிற வக்கீல்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் தொடருவார்.

அந்த வருஷம் வடக்கேயிருந்து ஒரு புது முன்சீப் வந்தார், மலையாளத்துக்காரர். சின்ன வயசு, மெல்லிய கண்ணாடி, மெல்லிய பேச்சு. வந்த நாலாவது நாள் அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தபோது சொரிமுத்து ஒரு சாட்சியைக் கூப்பிட்டார். முன்சீப்பின் கை துள்ளி, தீர்ப்பின் நடுவே மசி சிந்திவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறொரு காகிதத்தை எடுத்தார். ஆபீஸுக்குக் குறிப்பு. ‘கோர்ட் டவாலியின் குரல்’ என்று இங்கிலீஷில் எழுதியவர், அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல் பேனாவை நிறுத்தினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கழுத்தை நீட்டி, “ராக்கஸ், சார்” என்றேன்.

“அதேதான்!” என்றார் முன்சீப். “கறெக்ட் வாக்கு. சேஷன், உங்களுக்கு நல்ல இங்கிலீஷ் இருக்கிறதே!”

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போனேனா, பறந்து போனேனா என்று எனக்கே தெரியாது.

மறுநாள் சொரிமுத்துவுக்கு மெமோ வந்தது. இனி ரிக்கார்டு ரூமில் பழைய கட்டுகளைத் தூசி தட்டினால் போதும் என்று உத்தரவு. அவர் அந்தக் காகிதத்தை நேரே என்னிடம்தான் கொண்டுவந்தார். இங்கிலீஷ் என்றால் ஆபீஸில் நான்தானே?

“சாமி, இதுல என் சத்தத்தப் பத்தி என்னமோ எழுதியிருக்காம்லா, அதுக்கு என்ன அர்த்தம்?”

“கம்பீரம்னு அர்த்தம், ஓய்” என்றேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கம்பீரமா இருந்தா பின்னே என்னத்துக்கு சாமி ரிக்கார்டு ரூமுக்குப் போகச் சொல்லுதாரு?”

எனக்கு அவசரமாக ஒரு ஃபைல் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டேன்.

சொரிமுத்துவின் இடத்துக்கு வேறு ஆள் வரும்வரை நானே கூப்பிட வேண்டும் என்றார் முன்சீப். “உங்களுக்கு சம்ஸ்காரமுள்ள குரல்” என்று ஒரு சர்டிபிகேட் வேறு. விடுவேனா? வீட்டு ரேழியில் நின்று இரண்டு நாள் அப்பியாசம் செய்தேன். மூன்று தடவை ஏற்ற இறக்கத்தோடு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், “எப்படி இருந்தது?” என்று பகவதியைக் கேட்டேன். பகவதி என் ஆம்படையாள்.

“எது?” என்றாள்.

“இப்போ கூப்பிட்டேனே.”

“ஏன்னா, நீங்கோ காப்பி கேட்டாலே எனக்குக் கேக்கறதில்லை. நேரமாச்சேன்னு நானாக்கும் கொண்டு வந்து தரேன்” என்றாள். இவளுக்குக் காது மந்தமாகிவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

பத்து நாள் ஒரு குழப்பமும் இல்லாமல் ஓடியது. வக்கீல்கள் இருந்தார்கள், அவர்களே ஆளனுப்பிக் கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டார்கள். நான் என் குரலால்தான் எல்லாரும் வருகிறார்கள் என்று மிதப்பில் இருந்தேன்.

பதினோராவது நாள் ஆவுடைத்தாயின் வழக்கு வந்தது. எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்த மனுஷி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வேலையை விட்டபின் மலையடிவாரத்தில் ஐந்து சென்ட் வாங்கி, ஓலைவீடு ஒன்று கட்டியிருந்தாள். அதில் பாதி தன்னுடையது என்று பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட வந்தான். வேலியைத் தொடக் கூடாது என்று கோர்ட்டில் அவளுக்குத் தடையுத்தரவு கிடைத்திருந்தது. அந்தக் காகிதத்தின் பலத்தில்தான் அவள் வீடு நின்றுகொண்டிருந்தது. வழக்கு விழுந்தால் தடையும் விழும்.

அன்றைக்கு அவள் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டிய நாள். அவளுடைய வக்கீல் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் போய் நில், எனக்கும் சொல்லியனுப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். என் சம்ஸ்காரமுள்ள குரலில் மூன்று தடவை கூப்பிட்டேன். நடுவில் நிறுத்தினேனா என்றால், மூச்சு வாங்கிக்கொள்கிற அளவுக்கு நிறுத்தினேன். யாரும் வரவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். முன்சீப் தள்ளுபடி என்றார். ‘மூன்று முறை அழைத்தும் வாதி ஆஜராகவில்லை’ என்று என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

சாயங்காலம் கோர்ட் கலைகிற நேரத்தில் அவள் படியேறி வந்தாள்.

“சாமி, நம்ம கேஸ எப்பம் விளிப்பாவ?”

பயந்தவனுக்குக் கோபம்தானே முதலில் வரும்? “விளிச்சாச்சு, தள்ளியும் ஆச்சு. மூணு தடவை கூப்பிட்டேன். எங்கே போய்த் தொலைஞ்சேள்?” என்று கத்தினேன். கத்தினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

“எங்கயும் போகல சாமி. காலைல ஒம்பது மணிலேருந்து அங்கனயேதான் இருக்கேன். விளிச்சிருவாவளோன்னு தண்ணி குடிக்கக்கூடப் போகல” என்றாள். அழவில்லை. நான் சொன்னது புரியாமல் அப்படியே நின்றாள்.

ஐந்தாம் நாள் சேதி வந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ஆட்களோடு வந்து அவளுடைய அடுக்களைச் சாய்ப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டான். அடுப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். வழக்கை மறுபடி எடுக்க வேண்டும் என்று அவள் வக்கீல் மனுப் போட்டார். கூப்பிட்டது காதில் விழவில்லை என்பது ஒன்றுதான் காரணம். இந்த மனுவும் விழுந்தால் மிச்ச வீடும் போய்விடும்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. ரிக்கார்டு ரூமுக்குப் போனேன். சொரிமுத்து ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயமெல்லாம் தெரிந்திருந்தது.

“ஒண்ணு கேக்கட்டா சாமி?” என்றார். “எந்தப் பக்கம் பாத்து விளிச்சீரு?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வாசலில் நின்றேன், சரி. முகம் உள்ளே பார்த்து இருந்தது. என் உச்சரிப்பை முன்சீப் ரசிக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தபடியேதான் மூன்று தடவையும் கூப்பிட்டேன். பலாமரம் என் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

“முன்சீப்பைப் பார்த்து” என்றேன்.

சொரிமுத்து வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். “அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு அன்னைக்கே தெரியும். வக்கீல் குமஸ்தா சொன்னாரு, காக்கா கத்துறதுக்கு எழுதுறதாம். போட்டும், அதொண்ணும் சாரமில்ல. காக்கா கத்துனா ஆளு எட்டிப் பாக்கும்லா? அந்தம்மா அடுப்பப் புடுங்கிட்டானே சாமி!” என்றார். அவர் கோபத்தில் கத்தியது அது ஒன்றுதான். ரேக்கிலிருந்து தூசி கொட்டியது. பொய் சொல்லவில்லை.

மனு விசாரணைக்கு வந்தது. எதிர்க்கட்சி வக்கீல் என் குறிப்பையே எடுத்துப் படித்தார். மூன்று முறை அழைத்ததாகக் கோர்ட் ரிக்கார்டே சொல்கிறது, கேட்கவில்லை என்பது கட்டுக்கதை என்றார். முன்சீப் யோசித்தார். பிறகு அந்த மெல்லிய குரலில், “பரீட்சித்துப் பார்த்துவிடலாம். அந்த ஸ்திரீ அன்று இருந்த இடத்தில் போய் இருக்கட்டும். சேஷன், அன்று கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்கள்” என்றார்.

கோர்ட் முழுக்க ஒரு உற்சாகம் வந்துவிட்டது. வக்கீல்கள், குமஸ்தாக்கள், வேறு வழக்குக்கு வந்தவர்கள், எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். ஆவுடைத்தாய் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவளிடம், பெயர் காதில் விழுந்தால் வா என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். வந்தால் வீடு போய்விடும் என்பதை யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

நான் வாசலில், அதே இடத்தில், அதே மாதிரி முன்சீப்பைப் பார்த்து நின்றேன். மெதுவாகக் கூப்பிட்டால் அத்தனை பேர் முன்னால் என் மானம் போகும். உரக்கக் கூப்பிட்டால் அவள் வீடு போகும். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், ஒரு விநாடி தயங்கத்தான் செய்தேன். அப்புறம் அன்று கூப்பிட்டபடியே கூப்பிட்டேன். முதல் தடவைக்கே யாரோ சிரித்தார்கள். இரண்டாவதற்கு, “சத்தம் வருந்நில்லல்லோ” என்று ஒரு குரல் கேட்டது. மூன்றாவதை முடிப்பதற்குள் முன்சீப்பின் கண்கள் என்னைத் தாண்டி வெளியே போயின. திரும்பிப் பார்த்தேன். ஆவுடைத்தாய் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள்.

எதிர்க்கட்சி வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“கேட்டதா?” என்றார் முன்சீப்.

“கேக்கல சாமி” என்றாள் அவள். “எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னாவ. சரி, விளிச்சிட்டாவ போலன்னு எந்திச்சு வந்தேன். தப்பா சாமி?”

எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். இதெல்லாம் சொல்லிக் கொடுத்த பேச்சு, கேட்டுத்தான் வந்தாள், கண் முன்னால் நாம் பார்த்தோம் என்றார். முன்சீப் நெற்றியைத் தடவினார். அவர் பேனாவை எடுப்பதைப் பார்த்தேன்.

“சார்” என்றேன். இந்த முறை எல்லாருக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் திரும்பினார்கள். “இன்றைக்கு நாற்பது பேர் அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் கட்சிக்காரரைக் கூப்பிடவில்லை சார். என் குரல் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்க வேண்டும், அதற்காகத்தான் கூப்பிட்டேன். குறிப்பில் எழுதியது தப்பு.”

இதை நான் தமிழில் சொன்னேன். எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வாயில் வரவில்லை. முன்சீப்புக்குத் தமிழ் புரியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவர் முகம் சிவந்தது. என் மேல் கோபமா, தன் மேலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழக்கைத் திரும்ப எடுத்தார், தடையுத்தரவும் திரும்ப வந்தது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. சொரிமுத்துவை மறுநாளே பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். ஆபீஸில் கொஞ்ச நாள் எல்லாரும் என்னைக் கண்டால் வாயை மட்டும் அசைத்துப் பேசினார்கள். ரொம்ப வேடிக்கையாக இருந்திருக்கும், அவர்களுக்கு.

அடுத்த தவணை மூன்று வாரம் கழித்து. சொரிமுத்து கூப்பிட்டார். ஆவுடைத்தாய் வந்தாள். கூண்டுக்குப் போகிற வழியில் என் மேஜை முன்னால் நின்றாள். மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கட்டுகளின் மேல் வைத்தாள்.

“என்ன அது? எக்ஸிபிட்டா?” என்றார் முன்சீப். வக்கீல்கள் சிரித்தார்கள்.

“இல்ல சாமி, இவுகளுக்கு மருந்து” என்றாள். “யூகலிப்டஸ் தைலம். எஸ்டேட்ல காய்ச்சுறது, கடையில கிடைக்காது. முந்தாநாள் மலையேறிப் போயி வாங்கியாந்தேன்.” பிறகு என் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள். “ராத்திரி தொண்டையில தடவிக்கிட்டுப் படுங்க சாமி. எங்க வீட்டுக்காரருக்கும் கடைசியில இப்படித்தான் சத்தமே வெளிய வராமப் போச்சு. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இவ்வளவு சீக்கு உடம்ப வச்சிக்கிட்டு இருக்கிற மனுசன விளிக்கச் சொல்லிட்டாவளே, பாவிக!”

அடுக்களையில்லாத வீட்டிலிருந்து வந்தவள் சொன்னாள் இதை. எனக்குத் தொண்டையில் ஒரு சீக்கும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதைப் பார்த்து அவள் இன்னும் பரிதாபப்பட்டாள்.